கொய்யா இலை மென்ற ஒன்பதாம் வகுப்பு

பல்லைப் பிடுங்குவது, அடைப்பது, சுரண்டிச் சுத்தம் செய்வது எல்லாம் நீங்கள் பயிற்சியிலே படித்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இப்போதைய கருவிகளைக் கண்டால் எதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே எனக்குத் தெரியாது. ஆனால் பாடசாலைப் பல் சிகிச்சையாளராக வேலை செய்த காலத்தில் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். அதை விடும்போது என் கையில் எந்தக் கருவியும் இருக்கவில்லை. ஒரு பேனாவும் அரைக் கடதாசியும்தான் இருந்தன. புதிதாக நியமனம் பெற்றிருக்கும் உங்களிடமும் பேனா இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஜெயபுரம் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வேலை. வளவின் மூலையில் தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் சிகிச்சை நிலையம். மின்சாரம் கிடையாது. கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்து, வெயில் எந்த நேரம் எந்தப் பல்லில் விழும் என்று பார்த்து வேலை செய்வேன். காலையில் வலது கடைவாய், பின்னேரம் இடது. காலையில் இடது பக்கம் வலியோடு வந்தவரைப் பின்னேரம் வரச்சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். துளைபோடும் இயந்திரத்தைத் தையல் மெசின்போலக் காலால் மிதிக்கவேண்டும். எங்களுக்கு ஒதுக்கப்பட்டவர்கள் சின்னப் பிள்ளைகள்தான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் வேறு பல் வைத்தியர் இல்லாததால் பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் பள்ளித் தவணைக்கு ஒருமுறை நான்தான் பார்த்தேன்.

சண்டை ஓய்ந்து, வெளியிலிருந்து எங்கள் பக்கம் வரும் பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வருடக்கணக்காகக் காணாத சாமான்கள் எல்லாம் லொறி லொறியாக வந்து இறங்கின. ஐஸ்கிறீம் வந்தது, அப்பிள் வந்தது, வடிகட்டி வைத்த வெள்ளைச் சிகரெட்டும் வந்தது. அதற்கு முன் எங்கள் பக்கம் இருந்தது பீடியும் சுருட்டும்தான். பையன்கள் அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. சுருட்டைப் பற்றவைத்தால் தங்கள் அப்புவைப் போலத் தெரியும் என்ற வெட்கம். வெள்ளைச் சிகரெட்டில் அந்த வெட்கம் இல்லை. பாடசாலைக்கு எதிரே சைக்கிள் திருத்தும் கடை ஒன்று இருந்தது. அங்கே பழைய பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து ஒவ்வொன்றாக விற்றார்கள். காற்றடிக்கப் போகிற பதினைந்து வயதுப் பையன் காற்றும் அடித்து அதையும் வாங்கிக்கொண்டு வருவான்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை. வாய்தான் சொன்னது. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் மண்ணிறக் கறை, பல்லைச் சுற்றிய முரசில் ஒரு மங்கல், மூச்சில் அந்த வாடை. கண்டுபிடித்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. பையன் கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்த உடனே, "தம்பி, நேற்றுப் பின்னேரம் எத்தனை?" என்று கேட்பேன். அவன் முழிப்பான். வாயில் கண்ணாடி இருப்பதால் பொய்யும் சொல்ல முடியாது. இரண்டு தவணைக்குள் எனக்கு 'மோப்ப மிஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அதைப் பட்டம் கிடைத்ததுபோல ரசித்தேன். அதுதான் முதல் பிழை.

அடுத்த தவணை ஒன்பதாம் வகுப்பைக் கூப்பிட்டபோது முதலாவது பையன் வாயைத் திறந்தான். பல்லெல்லாம் பச்சை.

"என்ன தம்பி சாப்பிட்டனீர்?"

"ஒண்டும் சாப்பிடேல்லை மிஸ்."

இரண்டாவது பையனுக்கும் பச்சை. மூன்றாவது பையனின் கடைவாய்க்குள் அரை இலை முழுசாகவே இருந்தது. குறட்டால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொய்யா இலை. சிகரெட் வாடையைக் கொய்யா இலை எடுக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்தாவது பையனுக்கு வரும்போது கொய்யாத் தோட்டத்துக்குள் நின்று வேலை செய்வது போலிருந்தது. புகைக்காத பையன்களும் மென்றிருந்தார்கள், எல்லாரும் மெல்லும்போது தாங்கள் மட்டும் ஏன் விடவேண்டும் என்று.

அதிபரின் அறை வாசலில் ஒரு கொய்யா மரம் நின்றது. ஒரு பையன் கை எட்டும் உயரம்வரை அதில் ஓர் இலைகூட இல்லை. அதற்கு மேலே மட்டும் குடைபோல விரிந்திருந்தது. அதிபர், இரவில் ஆடு புகுந்து தின்கிறதென்று வேலியை அடைக்க ஆள் விட்டிருந்தார். இடைவேளைக்குத் தேநீர் குடிக்கப் போனபோது அவர் ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சேர், அது ஆடு இல்லை. உங்கட ஒன்பதாம் வகுப்பு" என்று சொன்னேன்.

காரணத்தையும் சொன்னேன். இது இரண்டாவது பிழை.

அதிபர் நல்ல மனிதர். ஒரு பிள்ளை பிழையாகப் போனால் தனக்கே காய்ச்சல் வந்ததுபோல நடப்பவர். அவர் கோப்பையை வைத்துவிட்டு, "மிஸ், எனக்குப் பேரைத் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். நான் அரைக் கடதாசியில் எழுதினேன். சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். ஆறு பையன்களின் பேர். பேனாவை மூடப் போகும்போது சுகந்தி என்ற பிள்ளையின் பல் ஞாபகம் வந்தது. அவளுடைய பற்களில்தான் கறை எல்லாரையும் விட அதிகம். பெண்பிள்ளையாயிற்றே என்று ஒரு கணம் யோசித்தேன். பாதை திறந்துவிட்டது, காலம் மாறிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி ஏழாவதாக அவளுடைய பேரையும் எழுதினேன்.

அடுத்தநாள் காலைக் கூட்டத்தில் அதிபர் ஏழு பேரையும் பற்றரியில் ஓடும் ஒலிபெருக்கியில் வாசித்தார். இன்ன காரணத்துக்காகப் பெற்றோரோடு வரவேண்டும் என்று.

மறுநாள் எட்டு மணிக்குச் சுகந்தியின் தாய் என் அறைக்குள் வந்தார். சந்தியில் தேநீர்க் கடை வைத்திருப்பவர். ஒரு கையில் பெரிய சுடுதண்ணீர்ப் போத்தல், மறு கையில் கண்ணாடிக் குவளை. வந்த வேகத்தில் நோயாளி இருக்கிற கதிரையில் ஏறி உட்கார்ந்தார். வேறு கதிரை இருந்தது. அவர் அதைத் தெரிந்தெடுத்தார்.

"இந்தாங்கோ மிஸ். பிளேன்ரீ. குடியுங்கோ."

"ஏன் அம்மா?"

"என்ர பிள்ளை விடியத் தொடக்கம் படுக்கும்வரை இதைத்தான் குடிக்கிறவள். கேத்தில் எந்த நேரமும் அடுப்பில கிடக்கு, படிக்கேக்கை பக்கத்தில ஒரு குவளை. ஒரு நாளைக்குப் பதினஞ்சும் போகும். நீங்கள் ஒரு கிழமை குடியுங்கோ. நான் ஒவ்வொரு நாளும் கொண்டுவாறன். பிறகு உங்கட பல்லை நான் பாக்கிறன்."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பால் விடாத வெறும் சாயத்தேநீரைக் குவளையில் ஊற்றி நீட்டினார். குடித்தேன். சாயம் அடுப்புக் கரிபோல இருந்தது. ஒரே மிடறில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் போகும்போது வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அவள் நேற்றுத் தொடக்கம் அறைக்கதவு திறக்கேல்லை. நாளைக்கு ஆர் வந்து பொம்பிளை கேக்கப்போகினம் எண்டு நான் பயப்பிடுறன். அது பிளேன்ரீக் கறை எண்டு நான் வீடு வீடாப் போய்ச் சொல்லேலுமே மிஸ்?"

அவரால் முடியாது. அதனால் நான் சொன்னேன். அதே காலைக் கூட்டத்தில், அதே ஒலிபெருக்கியில், சாயத்தேநீர் பல்லில் எப்படிக் கறை பிடிக்கும் என்று ஒரு விளக்கம் கொடுத்து, சுகந்தியிடமும் தாயிடமும் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். என் காது சுட்டது. சுகந்தி இரண்டு கிழமை கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வாய்க்குள் பார்த்து ஒருவருடைய நடத்தைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். கறைக்குப் பேர் இல்லை. அதற்குப் பேர் வைப்பது நாங்கள்தான்.

என் விளக்கத்தால் மெய்யாகவே நன்மை அடைந்தவர்கள் புகைக்கிற பையன்கள். அன்று முதல் எந்தப் பையனிடம் என்ன கேட்டாலும் ஒரே பதில்: "பிளேன்ரீ மிஸ்."

அதற்கும் பிறகு அந்தப் பதிலும் இல்லாமல் போனது. பட்டியலில் இருந்த ஆறு பையன்களையும் அதிபர் ஒரு கிழமை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தார். அந்தக் காலத்தில் பேர் வெளியே போனால் அது பள்ளிக்கூடத்தோடு நிற்காது, ஆள் சேர்ப்பவர்களின் காதுவரை போகும் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. அதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. அடுத்த தவணைப் பரிசோதனைக்கு ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அநேகமாக ஒருவரும் வரவில்லை. ஒருவனுக்கு மாமா செத்துவிட்டார். இன்னொருவனுக்கும் அதே மாமா செத்துவிட்டார். ஒருவன் தனக்கு வாய் திறக்காத நோய் வருத்தம் என்று வாயைத் திறந்து சொன்னான். நான் சிரித்துவிட்டு இருந்தேன். அவர்கள் வராவிட்டால் எனக்கு வேலை குறைவு என்றுகூட நினைத்தேன்.

அந்தத் தவணை முடிய ஒரு கிழமை இருக்கும்போது, காலை பதினொரு மணியளவில், ஒரு சைக்கிளில் மூன்று பேர் என் வாசலில் வந்து இறங்கினார்கள். ஓட்டிவந்தவன் அதே ஒன்பதாம் வகுப்பு யூட். கெட்டிக்காரன், எதிலும் நியாயம் கேட்பவன். பின்னால் இன்னொருவன் பிடித்துக்கொள்ள, நடுவில் தயாளன் இருந்தான். பட்டியலில் முதலாவதாக நான் எழுதிய பேர். தலையைச் சுற்றித் துவாய் கட்டியிருந்தான். துவாயை அவிழ்த்தேன். முகம் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பலாக்கொட்டைபோல வீங்கி, கழுத்துவரை இறங்கியிருந்தது. காய்ச்சல் கொதித்தது. வாயிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவனால் விழுங்க முடியவில்லை. வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. அந்த இடைவெளியால் பார்த்தேன். நாக்கு மேலே தூக்கி நின்றது.

சூத்தைப் பல்லின் சீழ் நாக்குக்குக் கீழே பரவியிருக்கிறது. அது இன்னும் ஏறினால் மூச்சு அடைக்கும். இதை நீங்களும் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நானும் அதுவரை புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். என் அறையில் செய்யக்கூடிய வேலை இது இல்லை. உடனே கிளிநொச்சிக்குப் போகவேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. அவனிடம் சாராயம் மணத்தது. துவாய், சட்டை, தலைமயிர் எல்லாம்.

"என்ன குடிச்சவன்? எவ்வளவு? என்ன மருந்து குடுத்தனீங்கள்?"

"ஒண்டும் குடிக்கேல்லை மிஸ்" என்றான் யூட். மற்றவனும் அப்படியே சொன்னான்.

அந்த நேரம் பார்த்து அதிபர் வாசலுக்கு வந்துவிட்டார். அவருக்கும் மணத்துவிட்டது. "ஆர் குடுத்தது? எங்க வாங்கினனீங்கள்? இப்ப சொல்லவேணும்" என்று தொடங்கினார். பையன்களின் முகம் கதவு சாத்தியதுபோல ஆகிவிட்டது. அந்த மனிதர் அங்கே நிற்கும்வரை எனக்கு ஒரு சொல்லும் கிடைக்காது என்று தெரிந்தது.

"சேர், முதல் வாகனம். ரோட்டில நிண்டு எது வந்தாலும் மறியுங்கோ. நீங்கள் மறிச்சால்தான் நிப்பாட்டுவாங்கள்."

அவர் ஓடினார். ஐம்பத்தைந்து வயது மனிதர், வெள்ளை உடுப்போடு கிரவல் ரோட்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது ஜன்னலால் தெரிந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

"தம்பிமார், ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுக்கவேண்டி வரும். உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு தெரியாமல் குடுத்தால் இவன் எழும்பமாட்டான். சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் பேர் குடுக்கமாட்டன்."

யூட் என்னை நேராகப் பார்த்தான். "போன முறை சிரிச்சுக்கொண்டு எழுதிக் குடுத்தனீங்கள் மிஸ். நாங்கள் ஜன்னலால பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்."

நான் தயாளனின் வாயில் வடிந்த நீரைத் துடைத்தேன்.

"எழுதித் தாங்கோ" என்றான்.

"என்னத்தை?"

"சொல்லமாட்டன் எண்டு."

ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, இன்னொரு பிள்ளை என்னிடம் ஒப்பந்தம் கேட்கிறான். அடித்துக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அடித்தால் பொய்யை இன்னும் உறுதியாகச் சொல்வான். சிகிச்சைத் துண்டு ஒன்றைக் கிழித்து எழுதினேன்: இவர்கள் என்னிடம் சொல்வதை வைத்தியருக்குத் தவிர வேறு ஒருவருக்கும் சொல்லமாட்டேன். கையெழுத்து வைத்து நீட்டினேன். அவன் ஒவ்வொரு சொல்லாக வாசித்தான்.

"சீல் குத்துங்கோ மிஸ்."

மைத்தட்டு காய்ந்து கிடந்தது. அதில் ஸ்பிரிட் ஊற்றி, முத்திரையைத் தேய்த்துக் குத்தினேன்.

"தலைகீழா விழுந்திட்டுது."

"செல்லும். சொல்லு."

அதன் பிறகு எல்லாம் கொட்டியது. தயாளனுக்குப் பல்வலி தொடங்கி மூன்று கிழமை. முதலில் சிகரெட் புகையை வாய்க்குள் பிடித்து வைத்தால் பல்லுக்குள் இருக்கும் புழு சாகும் என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். புழு சாகவில்லை, நாளுக்கு ஆறு சிகரெட் ஆனது. பிறகு சாராயத்தால் கொப்பளித்தால் வலி விறைக்கும் என்று இன்னொருவன். கொப்பளித்தான், துப்ப மனம் வரவில்லை, விழுங்கினான். அப்படியே பழகிவிட்டது. நேற்றிலிருந்து வலி தாங்காமல் பரசிற்றமோல் குளிசை.

"எத்தனை?" என்று கேட்டேன். யூட் தயாளனைப் பார்த்தான். தயாளனால் கதைக்க முடியவில்லை. இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலைக் காட்டினான். மடக்கித் திரும்பவும் பத்து. பிறகு ஆறு.

"நேற்று விடியத் தொடக்கம் இப்பவரைக்கும்?"

ஓம் என்று தலையாட்டினான். கொப்பளிக்கும் குவளையை எடுத்து, சாராயம் எவ்வளவு என்று விரலால் கோடு காட்டினான். கோடு விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது.

"என்னட்டை ஏன் வரேல்லை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"நாங்கள் வரச்சொன்னனாங்கள் மிஸ்" என்றான் யூட். "வாயைத் திறந்தால் பிறகும் பேர் வாசிப்பீங்கள் எண்டு அவன் மாட்டன் எண்டவன்."

வெளியே ஹோர்ன் அடித்தது. அதிபர் பூநகரிப் பக்கமிருந்து மீன் ஏற்றி வந்த வாகனம் ஒன்றை மறித்திருந்தார். சாரதி, அதிபர், கூடிவந்த ஆசிரியர்கள் எல்லாரும் பிள்ளையைப் படுக்கவைக்கச் சொன்னார்கள். ஐஸ் பெட்டிகளுக்கு மேலே சாக்கு விரித்துக்கூட விட்டார்கள். படுத்தால் நாக்குப் பின்னால் விழுந்து மூச்சு அடைபடும். நான் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. முன் ஆசனத்தில் ஏறி, அவனை என் பக்கத்தில் நிமிர்த்தி இருத்தி, முன்னுக்குக் குனியவைத்துப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் ஒரு பக்கம் இழுக்கும்போது, எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் செய்துவிட்டுப் பிறகு கதைக்கலாம்.

சாரதி வாயில் சிகரெட்டோடு வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும், "பல்லாலையும் ஆள் சாகுமே அக்கா?" என்று கேட்டார்.

"சாகும். அந்தச் சிகரெட்டை எறிஞ்சுபோட்டு ஓடுங்கோ. இவனுக்கு இருக்கிற காத்தே காணாது."

அவர் எறிந்தார். அதற்குப் பிறகு குழிகளையும் பார்க்கவில்லை. நான் கிளிநொச்சி வரும்வரை ரோட்டைப் பார்க்கவில்லை, அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் அது நின்றுவிட்டதென்று நினைத்து அவன் முதுகில் குத்தினேன். அவன் திரும்பி என்னைக் கோபமாகப் பார்த்தான். அந்தக் கோபத்தைப் போல எனக்கு ஆறுதல் தந்த வேறொன்று இல்லை.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் வீக்கத்தைப் பார்த்ததும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு ஆயத்தம் செய்யச் சொன்னார். நான் குளிசைக் கணக்கையும் சாராயக் கணக்கையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "சரியாத் தெரியுமா?" என்று கேட்டார்.

"சீல் குத்தி வாங்கின கணக்கு டொக்டர்" என்றேன். அவர் விளங்காமல் பார்த்துவிட்டு ஓடினார். சீழை எடுத்தார்கள். குளிசை விஷத்துக்கு மாற்று மருந்தும் ஏற்றினார்கள். நாலு நாள் கழித்து அதே வைத்தியர் என்னிடம் சொன்னார்: "வீக்கத்தை ஆரும் கண்டிருப்பினம். குளிசையை ஒருத்தரும் கண்டிருக்கமாட்டினம். சொல்லாமல் விட்டிருந்தால் வாய் சுகமாகி வாற நேரம் ஈரல் போயிருக்கும்."

தயாளன் இரண்டு பல்லை இழந்தான். ஆளை இழக்கவில்லை.

அவனைப் பார்க்க நான் போன ஒரு நாள் தகப்பனும் தாயும் கட்டில் பக்கத்தில் நின்றார்கள். தகப்பன் கொஞ்சம் குடிப்பவர் என்று ஊருக்கே தெரியும். மகன் குடித்தது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அவர் கவலையில் எதையாவது கதைக்கவேண்டுமென்று எல்லாவற்றையும் திட்டிக்கொண்டிருந்தார். ரோட்டைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், பிறகு சாராயத்துக்கு வந்தார்.

"பாதை திறந்தாப்பிறகு வாற சாராயம் எல்லாம் கள்ளச் சாமான் மிஸ். அரைப் போத்தல் குடிச்சாலும் ஒண்டும் தெரியுதில்லை. தண்ணி கலக்கிறாங்கள். நான் ரெண்டு தரம் கடைக்காரனோட சண்டைபிடிச்சுப்போட்டன்."

கட்டிலில் தயாளன் கண்ணை இறுக்கி மூடினான். நான் ஜன்னலைப் பார்த்தேன். முத்திரை குத்திய வாக்கு எவ்வளவு பாரம் என்று அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விக்கல் வந்துவிட்டது.

தாய் கட்டில் பக்கம் குனிந்தார். போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "தண்ணி எண்டால் நிறம் வெளுக்குமப்பா. அது பிளேன்ரீ."

தகப்பன் திரும்பிப் பார்த்தார். "என்ன?"

"இவன்தான் ஊத்தி எடுத்துப்போட்டுப் பிளேன்ரீயால நிரப்பி வைக்கிறவன். குசினிக்குள்ள ரெண்டு தரம் கண்டனான்."

"கண்டுமோ சொல்லேல்லை?"

"நீங்கள் குறைவாக் குடிக்கிறியள் எண்டு பேசாமல் இருந்திட்டன்." பிறகு அவருடைய கை போர்வையில் நின்றுவிட்டது. "எடுத்த சாராயம் எங்க போகுதெண்டு நான் யோசிக்கேல்லை மிஸ். கடவுளாணை யோசிக்கேல்லை."

தகப்பன் கட்டிலை நோக்கி ஓர் அடி வைத்தார். அவர் அடிக்கப்போகிறார் என்று நான் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் வந்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல முடிவாகச் சொல்லவேண்டுமென்றால் அவர் அன்றோடு குடியை விட்டார் என்று சொல்லலாம். விடவில்லை. போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை மனைவியிடம் கொடுத்தார். அந்த வீட்டுக்கு அதுவே பெரிய காரியம். வீட்டில் போத்தல் திறந்து கிடந்தால் பிள்ளை சாராயத்துக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை என்பதை நான் அன்றைக்குத்தான் கற்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் அதிபர் என்னிடம் சாராயம் கொடுத்தவர்களின் பேர் கேட்டார். நான் மறுத்தேன்.

"அரசாங்க முத்திரை குத்திக் குடுத்திட்டன் சேர்."

"பொடியனுக்கோ?"

"ஓம். பொடியனுக்குத்தான்."

அவர் கொஞ்ச நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் வாசலில் வந்து நின்று, "அப்ப நான் என்ன செய்யிறது மிஸ்? பாத்துக்கொண்டு இருக்கிறதோ?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. பிள்ளையைக் காப்பாற்றத் தெரியாத ஒருவரின் தவிப்பு இருந்தது. எனக்கும் முழுப் பதில் தெரியாது. "விக்கிறவன் உங்கட வாசலுக்கு முன்னாலதானே இருக்கிறான் சேர். அவனுக்குப் பதினஞ்சு வயசில்லை" என்றேன்.

அன்று தொடக்கம் பள்ளிக்கூடம் விட்டதும் அதிபர் குடையை விரித்துக்கொண்டு சைக்கிள் கடை வாசலில் போய் நின்றார். ஒன்றும் சொல்வதில்லை. சும்மா நிற்பார். கடைக்காரர் முதல் நாள் கதிரை போட்டார், இரண்டாம் நாள் தேநீர் கொடுத்தார், பத்தாம் நாள் ரின்னை உள்ளே எடுத்து வைத்து, பிள்ளைகளுக்கு இனி விற்கமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதன் பிறகும் அதிபர் நிற்பதை நிறுத்தவில்லை.

அடுத்த தவணை பையன்கள் வந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கண்ணாடி வாய்க்குள் போவதற்கு முன்னமே கேட்டேன். சிலர் உண்மை சொன்னார்கள், சிலர் பிளேன்ரீ என்றார்கள். அறுபது வயதில் வரும் புற்றுநோயைச் சொன்னால் அவர்கள் கொட்டாவி விட்டார்கள். அறுபது வயதுவரை இருப்போம் என்று நினைக்கிற காலம் அது இல்லை. கைக்கண்ணாடியைக் கொடுத்து அவர்களுடைய பல்லின் உட்பக்கத்தை அவர்களையே பார்க்க வைத்தேன். பந்து விளையாடும்போது யார் முதலில் இளைக்கிறான் என்று கேட்டேன். சிலர் விட்டார்கள். சிலர் குறைத்தார்கள். சிலர் என்னை ஏமாற்றினார்கள். ஆனால் வலி வந்தால் வந்தார்கள்.

பிறகு வந்த வருடங்களை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அந்த வகுப்பில் இருந்த எல்லாரையும் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். 2009 இல் யுத்தம் முடிந்தபின் நானும் எல்லாரையும் போலச் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தேன். என்னிடம் ஒரு கருவியும் இல்லை, கண்ணாடிகூட இல்லை. ஒருநாள் வாளியோடு தண்ணீர் வரிசையில் நின்றபோது மெலிந்த வாலிபன் ஒருவன் முன்னால் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்தான். கீழே இடது பக்கம் இரண்டு பல் இல்லாத இடத்தைப் பார்த்துத்தான் ஆளை அறிந்தேன்.

"மேல ஒண்டு சூத்தை விழுகுது தயாளன்" என்றேன்.

"தெரியும் மிஸ்." பிறகு நான் கேட்காமலே சொன்னான்: "ரெண்டு வருசமா விட்டிருந்தனான். இஞ்ச வந்து திரும்பத் துவங்கீட்டன். நாளுக்கு ரெண்டு சிகரெட். சாராயம் இல்லை."

"ரெண்டை ஒண்டாக்கிப்போட்டு வந்து சொல்லு."

"ஓம் மிஸ்."

பின்னால் நின்ற அம்மா, "நீங்கள் பல் டொக்டரே பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத் தானும் வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஐயாவும் திறந்தார். பிறகு ஒரு சின்னப் பிள்ளை, அதன் தமையன், இடுப்பில் குடத்தோடு நின்ற ஒரு பெண். ஒவ்வொருவரையும் சூரியன் பக்கம் திருப்பி நிறுத்திப் பார்த்தேன். செய்ய ஒன்றும் இல்லை. உப்புத்தண்ணீரால் கொப்பளியுங்கள் என்று சொல்லலாம், உப்பு இருந்தால். ஆனாலும் அவர்கள் வாயைத் திறந்து காட்டினார்கள், நான் பார்த்தேன், தண்ணீர் வரிசை என்னைக் கடந்து நகர்ந்துகொண்டே போனது. எல்லாரும் போன பிறகுதான் என் வாளி ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தேன். தயாளன் அதை நிரப்பி, தூசி விழாமல் மேலே ஒரு தட்டை மூடிவைத்துவிட்டுப் போயிருந்தான்.